ஆடி பிறக்க எட்டு நாள்: நெருக்கடியில் யாரிடம் யோசனை கேட்பது?

2023 ஜூலை இரண்டாம் வாரம். விழுப்புரத்துக்கு வெளியே கிரில், கேட் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பாகத்தில் எனக்கு வந்த ஐந்து சென்ட் மனைக்கு 14 லட்சம் தருவதாக ஒருவர் வந்து நின்றார். ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் நிபந்தனை. ஆடிக்கு எட்டு நாள் இருந்தது. ஒரு கட்டடக் காண்ட்ராக்டர் முடித்த வேலைக்குப் பணம் தராமல் இழுத்தடித்ததில் ஏறிய என் கடன் மொத்தம் 14 லட்சத்துச் சொச்சம். மனையைக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்தது. கொடுக்காவிட்டால் இன்னொரு வட்டிக்காரர் வீட்டு வாசல். இந்த இரண்டைத் தவிர வேறொரு வழி இருக்கலாம் என்பது முதல் ஐந்து நாள் என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த நாட்களில் நான் பலரிடம் போனேன். சிலர் கொஞ்சம் வெளிச்சம் காட்டினார்கள். சிலர் என் பயத்தை இன்னும் கெட்டியாக்கித் திருப்பி அனுப்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரிடம் எதற்குப் போவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு இதே மாதிரி நிற்கிற ஒருவர், அடுத்து யார் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய உதவும் என்ற நம்பிக்கையில் அந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மண்டை ஏன் அடைத்துக்கொள்கிறது

எங்கள் பக்கம் கரும்பு அதிகம். முண்டியம்பாக்கம் ஆலைக்கு லோடு போகிற காலத்தில் பட்டறைக்கும் வேலை வரும். டிரெய்லருக்குப் பட்டை அடிக்க வேண்டும், கொக்கி மாற்ற வேண்டும் என்று டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். வெட்டு உத்தரவு வராத மாதங்களில் அதே ஆட்கள் கடன் சொல்லித்தான் வேலை வாங்குவார்கள். இந்தக் கரும்பு விவசாயிகளை வைத்தே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிய வந்தது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உட்பட நான்கு பேர் செய்த அந்த ஆய்வு 2013இல் சயன்ஸ் இதழில் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, அறுவடைக்குப் பின்னால் ஒரு தடவை சோதித்தார்கள். வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கிற புதிர் ஒன்று, கவனம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிற எண் விளையாட்டு ஒன்று. அறுவடைக்கு முன்னால் நகையோ பண்டமோ அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். பின்னால் அது 4 பேர். அந்தக் காசில்லாத மாதங்களில் அதே மனிதர்கள் மெதுவாகவும் கூடுதல் தப்புகளோடும் விடை சொன்னார்கள்.

அதே மனிதர்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. அவர்களுக்கு அறிவு குறைந்துவிடவில்லை. இருக்கிற அறிவில் கவலை பங்கு கேட்கிறது. அந்த நிலையில் உள்ளவரிடம் ‘நிதானமா யோசிச்சு முடிவு பண்ணு’ என்று சொல்வதில் பயனில்லை. எதை வைத்து யோசிக்க வேண்டுமோ, அதுதானே அடைபட்டுக் கிடக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வேறு ஒரு கண் வேண்டும். எந்தக் கண் என்பதில்தான் நான் ஐந்து நாளைத் தொலைத்தேன்.

வீட்டு மனிதர்கள்

முதலில் சொன்னது மனைவியிடம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். குழாயை நிறுத்தாமலே, “ஏங்க, அந்த மூணு வட்டி, அஞ்சு வட்டிக்காரங்களை மட்டும் முதல்ல முடிச்சுடலாமே” என்றாள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் வட்டிக்குக் கடன் கொடுத்த இருவரைச் சொன்னாள். “உனக்குப் புரியாது, மொத்தமா முடியணும்” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். அவளும் அதற்கு மேல் பேசவில்லை.

இதை எழுதும்போது ஒரு விமான விபத்து ஞாபகம் வருகிறது. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம், 189 பேர். தரையிறங்கப் போகும்போது சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று சந்தேகம். கேப்டன் அந்தச் சக்கரப் பிரச்சினையிலேயே மூழ்கி ஒரு மணி நேரம் போல வானத்தில் சுற்றினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த இருவருக்கும் அது தெரியும், சொல்லவும் செய்தார்கள். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை, கேப்டன் காதிலும் அது ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படித் தயங்காமல் சொல்வது, மேலே இருப்பவர் எப்படிக் காது கொடுப்பது என்று விமானிகளுக்குப் பயிற்சி தருகிற முறை வளர இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

வீட்டு மனிதர்களிடம் யோசனை கேட்பதில் உள்ள பலமும் பலவீனமும் அந்த விமானி அறையில் இருக்கின்றன. உங்கள் நிலவரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேஸ் சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அவர்களும் அதே விமானத்தில்தான் இருக்கிறார்கள். பயத்தில் குரல் தணிந்துவிடுகிறது, அல்லது ஒரேயடியாக ஏறிவிடுகிறது. நாமும் அவர்களிடம் யோசனை கேட்பதாக நினைத்துக்கொண்டு சம்மதம்தான் கேட்கிறோம். ‘மனையை வித்துடலாம்னு இருக்கேன், என்ன சொல்ற?’ என்று நான் கேட்டது கேள்வியே இல்லை. இப்போது கேட்பதாக இருந்தால் ‘என் கண்ணுல படாதது ஏதாவது உனக்குப் படுதா?’ என்று கேட்டுவிட்டு, குறைந்தது பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன்.

அண்ணனிடம் போனில் பேசியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. “அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தார். அப்பவே சொன்னதைப் பற்றித்தான் இருபது நிமிஷமும் பேசினோம். பழைய கணக்கு பாக்கியிருக்கிற உறவில் புதுக் கணக்கைக் கொண்டுபோய் வைக்க முடியாது.

அம்மா வேறு மாதிரி. குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை வந்தது. “இப்ப வேணாம்டா, ஆவணியில பாத்துக்கலாம். ஆடியில யாரு பத்திரம் போடுவா” என்றார். அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பின்னால் யோசித்தபோது, அத்தனை பேரில் எனக்கு நேரம் கொடுத்தது அம்மா ஒருவர்தான் என்று புரிந்தது. சாமியிடம் கேட்பதோ ஜோசியரிடம் கேட்பதோ, புதுத் தகவல் எதையும் தராமல் இருக்கலாம். ஆனால் எட்டு நாள் என்று யாரோ போட்ட கோட்டை அழிக்கிற துணிச்சலை அது தருகிறது. ‘சாமி உத்தரவு வரல’ என்றால் ஊரில் யாரும் மேற்கொண்டு நெருக்க மாட்டார்கள். நம்புகிறவருக்கு அது பெரிய உதவி. தள்ளிப்போடுவதற்கு என்ன செலவாகும் என்று மட்டும் தனியாகக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

நண்பன், புரோக்கர்

பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் போனேன். அவன் நிலைமையும் அதேதான். டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினோம். “வித்துட்டு நிம்மதியா இரு மாப்ள, நானா இருந்தா நேத்தே வித்திருப்பேன்” என்றான். திரும்பி வரும்போது நெஞ்சு பாரம் குறைந்திருந்தது. தனியாக இல்லை என்ற ஆறுதல் சின்ன விஷயம் இல்லை, அதற்காக அவனிடம் இன்னொரு தடவையும் போவேன். ஆனால் புதுப் பார்வை கிடைக்கவில்லை. அதே கிணற்றில் இருக்கிறவனுக்குத் தெரிவதும் அதே வட்ட வானம்தான். இரண்டு பேரும் சேர்ந்து என் முடிவை இன்னும் இறுக்கிக்கொண்டோம்.

புரோக்கர் தினமும் போன் செய்தார். அன்பாகத்தான் பேசினார். முடிந்தால் கமிஷன் வரும் ஒருவரிடம் முடிக்கலாமா என்று கேட்கக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியது அந்தத் தெருவில் கடைசியாக எந்த மனை என்ன விலைக்குப் போனது என்பது மட்டும்தான். அதை நான் கேட்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஒரு போன்

நான்காம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ராத்திரியும் வரவில்லை. வண்டி ஓட்டும்போது வரக் கூடாத நினைப்பு இரண்டு தடவை வந்துபோனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவிதான் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்ததாகச் சொல்லி ஒரு எண்ணை காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்: 14416. மத்திய அரசின் டெலி மனஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. காசு இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம்.

மொட்டை மாடியில் நின்று பேசினேன். கடனைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்தியதும், “சார், கடைசியா எப்ப முழுசா தூங்கினீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” அதுவும் சட்டென்று வரவில்லை. அப்புறம், உயிரை விடுகிற நினைப்பு ஏதாவது வருகிறதா என்று நேராகவே கேட்டார். யாரும் கேட்காததை அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆமாம் என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதும் அதன் கனத்தில் பாதி போய்விட்டது.

மனையை விற்கலாமா வேண்டாமா என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். இன்றைக்கு ராத்திரி எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்றார், வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லச் சொன்னார். மனைவியை எழுப்பிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் போனேன்.

மனநல ஆலோசகரை மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் அவருக்கு வட்டியும் தெரியாது, மனை விலையும் தெரியாது. அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அவர் சரி செய்வது யோசிக்கிற ஆளை. ஆனால் தூக்கம் போய்விட்டாலோ, நான் இல்லாவிட்டால் நல்லது என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை தலைகாட்டினாலோ, இந்தக் கட்டுரையில் உள்ள ஒப்பீடு எதுவும் உங்களுக்கு வேண்டாம். முதலில் அங்கேதான் போக வேண்டும். சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது. மீதி எல்லாம் அப்புறம்.

நடை

ஐந்தாம் நாள் விடியற்காலை சும்மா நடக்கக் கிளம்பினேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கரும்புத் தோட்டத்து ஓரம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் 2014இல் வெளியான ஒரு ஆய்வு, உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது மனிதர்களுக்குப் புதுப் புது யோசனைகள் அதிகமாக வருகின்றன என்று கண்டது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் அந்த அளவு உதவி தெரியவில்லை. என் அனுபவமும் அச்சாக அதுதான். எதிரே ஒரு வாடகை மினி லாரி கட்டில், பீரோ ஏற்றிக்கொண்டு போனது. நம்முடைய லோடு வண்டி வாரத்தில் நான்கு நாள் பட்டறை வாசலில் சும்மா நிற்கிறதே என்று தோன்றியது. அதுவரை அந்த வண்டி என் கணக்கிலேயே இல்லை. அது சொத்து என்று தோன்றவில்லை, பட்டறையின் ஒரு அங்கம் என்றே இருந்துவிட்டது.

வண்டியை விற்றால் என்ன வரும், எந்தக் கடனுக்குக் கொடுப்பது என்று நடந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. எண்கள் நழுவின. நடை யோசனையைக் கொடுக்கும், கணக்குக்கு உட்கார வேண்டும்.

நோட்டும் பேனாவும்

மகளின் பழைய ரஃப் நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன். எழுதுவதில் இரண்டு வகை இருக்கிறது என்பது எழுதியபோதுதான் புரிந்தது.

ஒன்று, கொட்டுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிஷம், மனதைப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதில் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. எனக்கும் எழுதியவுடன் நன்றாக இல்லை. காண்ட்ராக்டரைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அதற்கப்புறம்தான் கை கணக்குக்கு வந்தது.

இன்னொரு வகை, இந்தக் கஷ்டம் வேறொருவருடையது என்று வைத்துக்கொண்டு எழுதுவது. இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நண்பனுடைய சிக்கலைப் பற்றி யோசிக்கும்போது இருக்கிற நிதானம் தன் சிக்கலைப் பற்றி யோசிக்கும்போது குறைகிறது என்று கண்டார்கள். தன் சிக்கலையே சற்று விலகி நின்று, வெளியாள் போலப் பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்தது. ஊருக்கு உபதேசம் சொல்கிற வாய் நம் வீட்டு விஷயத்தில் ஏன் அடைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தின் மேலே மச்சான் பெயரைப் போட்டு, ‘இன்னாருக்கு இவ்வளவு கடன்’ என்று ஆரம்பித்தேன். ஒரு கேள்வி உடனே வந்தது. மச்சான் இந்தக் கடனோடு வந்து நின்றால், எட்டு நாளில் மனையை விற்கச் சொல்வேனா? மாட்டேன். முதலில் ‘யாருக்கு எவ்வளவுடா, சொல்லு’ என்றுதான் கேட்பேன்.

அதனால் பட்டியல் எழுதினேன். ஐந்து வரி.

இரும்புக் கடை 1,80,000. மூணு வட்டிக்காரர் 3,00,000. அஞ்சு வட்டி 1,00,000. வங்கித் தொழில் கடன் 6,00,000. வங்கி நகைக் கடன் 2,50,000. மொத்தம் 14,30,000.

பார்த்தால் தெளிவாக இருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் மொத்தம் மாறவில்லை, மனை விலையும் கிட்டத்தட்ட அதுவே, அதனால் முடிவும் மாறவில்லை. நோட்டு திருப்பிக் கேள்வி கேட்காது. நம் பயத்தை நம் கையெழுத்திலேயே அழகாக எழுதி வைத்துவிடும். அது எனக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது.

சம்பந்தமில்லாத, விஷயம் தெரிந்த ஒருவர்

எங்கள் தெருக்கோடியில் கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தது மட்டும்தான் பழக்கம். கடனைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். நோட்டை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இரும்புக் கடைக்காரருக்கு என்ன வட்டி?”

“வட்டி இல்ல சார். ஆனா தினமும் பட்டறைக்கு வந்து நிக்கறாரு.”

“அதனாலதான் அவரை முதல் வரியில எழுதினியா?”

எனக்குச் சுருக்கென்றது. யார் அதிகம் சத்தம் போட்டார்களோ அந்த வரிசையில் எழுதியிருந்தேன். அவர் ஸ்கேலை எடுத்துவரச் சொல்லி, பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். “இங்க மாச வட்டின்னு ஒரு கட்டம் போடு. நீயே எழுது.”

இரும்புக் கடை, இல்லை. மூணு வட்டி, மாதம் 9,000. அஞ்சு வட்டி, மாதம் 5,000. வங்கித் தொழில் கடன், வருடத்துக்கு 11 சதவீதம், மாதம் 5,500. நகைக் கடன், 9 சதவீதம், மாதம் 1,875. கூட்டினால் 21,375. அதில் 14,000 ரூபாய், நான்கு லட்சம் கடனுக்கு மட்டும் போகிறது. பத்து லட்சத்துக்கு மேல் உள்ள மீதிக் கடனுக்கு மாதம் 7,375தான்.

“உன்னைத் தின்னுறது 14 லட்சம் இல்ல, நாலு லட்சம். நாலு லட்சத்துக்கு எதுக்கு மனை?” என்று கேட்டார். அப்புறம் நோட்டை மூடி என் மடியில் வைத்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

என் மனைவி முதல் நாள் ராத்திரி சொன்னதும் இதேதான். பாத்திரம் கழுவிக்கொண்டே, ஒரே வாக்கியத்தில். அவளுக்கு வட்டிக் கட்டம் எதுவும் தேவைப்படவில்லை, மாதா மாதம் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்புகிறவள் அவள். அதே வார்த்தை திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு வெளியாளின் வாயில் வந்தபோதுதான் என் காது திறந்தது. இதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது.

ஆடிக்கு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்டேன். “ஒரு மாசம் தள்ளினா 21,375. அவசரத்துல மனை விலையில எவ்வளவு போகுதுன்னு விசாரிச்சியா?” என்றார். அன்று சாயங்காலம் விசாரித்தேன். அந்தப் பக்கம் அதே அளவு மனைகள் 17, 18 லட்சத்துக்குப் போயிருந்தன. அம்மா சொன்ன ஆவணிக்கு அர்த்தம் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒருவரைத் தேடும்போது இரண்டே விஷயம் பார்க்கிறேன். என் முடிவால் அவருக்கு லாபமோ நஷ்டமோ இருக்கக் கூடாது. அந்த விஷயத்தில் கை நனைத்தவராக இருக்க வேண்டும். பெரியவர், படித்தவர், நல்லவர் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கடன் என்றால் ஓய்வு பெற்ற வங்கிக்காரர், ஆடிட்டர். ஆபரேஷன் என்றால் அந்த ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர். சொத்துத் தகராறு என்றால் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டிக்காரர் மிரட்டுகிறார் என்றால் 2003 முதல் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வழியிலும் குறை உண்டு. வெளியாளுக்கு உங்கள் வீடு தெரியாது. செயலாளர் சார், நகைக் கடனைக் கொஞ்சம் உயர்த்தி அந்தப் பணத்தில் மூணு வட்டியை அடைக்கலாமே என்றும் கேட்டார். கணக்குப்படி அது சரி. ஆனால் மிச்சம் இருந்தது மனைவியின் தாலிச் சங்கிலி. அதைத் தொட மாட்டேன் என்பது நோட்டில் வராத கணக்கு.

எதை முதலில்

திரும்ப அப்படி ஒரு நெருக்கடி வந்தால் நான் போகிற வரிசை இப்படி இருக்கும். தூக்கம் கெட்டிருந்தால் 14416 அல்லது ஆஸ்பத்திரி, அதற்கு முன்னால் எதுவும் இல்லை. உடம்பு ஓரளவு இடத்துக்கு வந்த பிறகு நோட்டு, ஏனென்றால் எழுதாத கஷ்டத்தை யாரிடம் கொண்டுபோனாலும் அழத்தான் முடிகிறது, கேட்க முடிவதில்லை. அந்த நோட்டோடு நேராக விஷயம் தெரிந்த வெளியாள். நடை தினமும், வேறு வழி எதுவுமே தோன்றாதபோது முக்கியமாக. நண்பனிடம் ஆறுதலுக்காக எந்த நாளும் போவேன், முடிவுக்காகப் போக மாட்டேன்.

வீட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு மனம் இரண்டாக இருந்தது. முன்பெல்லாம் கடைசியில் வைப்பேன், முடிவு எடுத்துவிட்டுச் சொல்வேன். இப்போது முதலிலும் கடைசியிலும் வைக்கிறேன். முதலில் கேட்பதை நோட்டில் அப்படியே எழுதி வைக்கிறேன், ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். அன்றைக்குக் காதில் ஏறாதது ஒரு வாரம் கழித்து வாசித்தால் ஏறுகிறது.

அவகாசம் இல்லாதவர்களுக்கு, நாளைக் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு, இத்தனையும் முடியாது. அவர்களுக்கு இரண்டு போதும் என்று நினைக்கிறேன்: நண்பனுடைய சிக்கலாக நினைத்து ஒரு பக்கம் எழுதுவது, ‘நாளை என்பது யார் போட்ட கெடு?’ என்று அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி. என் விஷயத்தில் எட்டு நாள் என்பது வாங்குகிறவருடைய வசதி. அதை என் கெடுவாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஆடி ஒன்றுக்கு முந்தைய நாள், இப்போதைக்கு விற்கவில்லை என்று புரோக்கருக்குச் சொன்னேன். லோடு வண்டி 2,10,000க்குப் போனது. மனைவி சீட்டைத் தள்ளி எடுத்ததில் 1,20,000 வந்தது. அஞ்சு வட்டி முழுதாக முடிந்தது, மூணு வட்டியில் 70,000 மட்டும் நின்றது. மாத வட்டி 21,375இலிருந்து 9,475க்கு இறங்கியது. இரும்புக் கடைக்காரரிடம் நேரில் போய், மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் முடிக்கிறேன் என்றேன். “இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் தினமும் வரப்போறேன்” என்றார்.

அடுத்த ஒரு வருடம் சுலபமாக இல்லை. வாடகை வண்டி கிடைக்காமல் இரண்டு ஆர்டர் தவறியது. மனையையும் கடைசியில் விற்றோம்தான், 2025 தையில், 18 லட்சத்துக்கு. வங்கிக் கடனை அடைத்து, மீதியை மகள் படிப்புக்குப் போட்டோம். விற்பது தப்பான முடிவாக இருக்கவில்லை, அந்த எட்டு நாளில் விற்பதுதான் தப்பாக இருந்திருக்கும்.

நோட்டு இப்போது மனைவியிடம் இருக்கிறது. மாத வட்டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் அவள் இன்னொரு கோடு போட்டிருக்கிறாள். தலைப்பு எதுவும் இல்லை. பெரிய ஆர்டர், புது மெஷின், ஆள் சேர்ப்பது என்று எதைப் பற்றிப் பேசினாலும் அன்றைக்கு அவளுக்குப் பட்டதைத் தேதி போட்டு அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறாள். மாதக் கடைசியில் நான் எடுத்து வாசிக்கிறேன்.